12 வயசு நாயோட புனேயிலிருந்து மதுரைக்குக் கார்ல வீடு மாத்துறோம், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வைகைக்கரையான் · ஏப்ரல் 6, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். பதினஞ்சு வருஷ புனே வாசத்தை முடிச்சுக்கிட்டு மே கடைசில மதுரைக்கே திரும்புறோம். அப்பா போன பிறகு அம்மா கோ.புதூர் வீட்ல தனியா இருக்காங்க. எனக்கும் வேலையை வீட்ல இருந்தே பாக்கலாம்னு ஆயிருச்சு. ஜூன்ல பையனுக்கு ஸ்கூல் திறக்குறதால தேதியைத் தள்ளவும் முடியாது.

சாமான் லாரில போயிரும். கவலை கருப்பட்டியை நினைச்சுதான். லேப்ரடார் கலப்பு, பன்னண்டரை வயசு, 31 கிலோ. சுருக்கிப் 'பட்டி'ன்னு கூப்பிடுவோம். எதிர் ஃப்ளாட் மலையாளிச் சேச்சி, "நாயை நாய்னே கூப்பிடுறீங்களே"ன்னு இன்னும் சிரிக்கிறாங்க. பின்னங்கால் ரெண்டும் தேய்மானம், காலைல எந்திரிச்சு நிக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும். இடது கண்ல புரை. காது பாதிதான் கேக்குது, ஆனா பிஸ்கட் டப்பா திறக்குற சத்தம் மட்டும் எப்படியோ கேட்டுரும். அவன் கார்ல போன அதிகபட்ச தூரம் டாக்டர் கிளினிக் வரைக்கும், நாலு கிலோமீட்டர்.

இப்ப போக வேண்டியது கிட்டத்தட்ட 1,280 கிலோமீட்டர். சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம "அங்கயே யார்கிட்டயாவது விட்டுட்டு வா"ன்னுதான் சொல்றாங்க. அந்தப் பேச்சை எடுத்தாலே என் மனைவி எந்திரிச்சு உள்ள போயிருவா. எனக்கும் விட மனசில்ல. ஆனா வழியில அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா அதுவும் என் தலைலதான் விடியும்.

கார் எர்டிகா. நான், மனைவி, ஒன்பது வயசுப் பையன். ரயில் நல்லதா கார் நல்லதா? தூக்க மாத்திரை குடுக்கலாமா? வெயிலுக்குப் பயந்து ராத்திரி ஓட்டலாமா?

அடையாறு_அனில் · ஏப்ரல் 6, இரவு 11.15

ஃப்ளைட்ல போட்டா ரெண்டு மணி நேரம்தானே சார்? எதுக்கு மூணு நாள் ரோட்ல?

வைகைக்கரையான் · ஏப்ரல் 6, இரவு 11.32

31 கிலோ நாயை மடில வச்சுட்டுப் போக முடியாதே. கூண்டுல போட்டுச் சரக்குப் பகுதிலதான் ஏத்தணும். மே மாச வெயில்ல, தார்த்தளத்துல, ஏத்துற வரைக்கும் அந்தக் கூண்டு எங்க நிக்கும்னு நமக்குத் தெரியாது. அது வேணாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம்.

ரிடையர்டு_டிடிஇ · ஏப்ரல் 7, காலை 6.05

ரயிலைப் பற்றி நான் சொல்கிறேன். நாயை உங்களுடன் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசி மட்டும்தான். அதிலும் இரண்டு பெர்த் கூபேயையோ நான்கு பெர்த் கேபினையோ முழுவதுமாக உங்கள் பெயரில் எடுத்திருக்க வேண்டும். டூ டயர், த்ரீ டயர், ஸ்லீப்பர் எதிலும் கிடையாது. பார்சல் ஆபீஸில் எடை போட்டுத் தனியாகப் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும், தடுப்பூசிப் புத்தகம் கையில் இருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கூபே கிடைத்ததா இல்லையா என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் நாயோடு நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்வது நல்ல அனுபவமாக இருக்காது. இன்னொரு வழி, கார்டும் பார்சலும் போகும் பிரேக் வேனில் இருக்கும் நாய்ப் பெட்டி. முப்பது வருஷம் அதைப் பார்த்தவன் சொல்கிறேன், வயதான நாய்க்கு அது வேண்டாம். தகரச் சூடு, தண்டவாளச் சத்தம், இருட்டு. காரே மேல்.

கால்நடை_ஆள் · ஏப்ரல் 7, மதியம் 1.20

கால்நடை மருத்துவன் நான். நேரில் பார்க்காத நாய்க்கு மருந்து எழுத மாட்டேன், ஆனால் உங்கள் மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லலாம்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போங்கள். முந்தின நாள் போனால் ஏதாவது கண்டுபிடித்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது. ரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல், பிளேட்லெட் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட்லெட் ஏன் என்றால், நம் ஊர்களில் உண்ணிக் காய்ச்சல் சத்தமில்லாமல் உடம்பில் உட்கார்ந்திருக்கும். பயணக் களைப்பில் அது தலைதூக்கும். இதயத்தில் முணுமுணுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று. அவன் நன்றாகத் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். நான்கைந்து நாள் எண்ணி எழுதி வையுங்கள். தூக்கத்தில் நிமிஷத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் இதயத்தையோ நுரையீரலையோ பார்த்தாக வேண்டும். பயணத்தின்போது இரவு தங்கும் இடத்திலும் அதே எண்ணிக்கையை எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

தேய்மானத்துக்கு ஏற்கெனவே மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றால் சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகே தொடருங்கள். பயணத்தில் நாய் தண்ணீர் குறைவாகக் குடிக்கும், அந்த நேரத்தில் இந்த மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். நீங்கள் போடும் வலி மாத்திரையை, குறிப்பாக ஐபுபுரூஃபனை, பாதி கால் என்று உடைத்துக்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பாதையில் இரண்டு கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகள் வருகின்றன. பெங்களூரில் ஹெப்பாள், அப்புறம் நாமக்கல். இரண்டையும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹுப்பள்ளி, தாவணகெரே பக்கம் தனியார் கிளினிக் எதுவென்று கிளம்புவதற்கு முன்பே போன் போட்டு விசாரியுங்கள்.

பொள்ளாச்சிக்காரன் · ஏப்ரல் 7, இரவு 9.10

ஏனுங்க, எதுக்கு இத்தனை ரோசனை? எங்க பொமேரியனைக் கூட்டிட்டுச் சென்னை போனப்ப எங்கூர் டாக்டரு ஒரு மாத்திரை குடுத்தாருங்க. போட்டதும் படுத்துச்சு, சென்னைலதான் கண்ணு முழிச்சுது. வண்டியும் ராத்திரி பத்து மணிக்கு எடுத்தா வெயிலும் இல்ல, டிராஃபிக்கும் இல்ல. ரெண்டே ராத்திரி, மதுரை போயிருலாமுங்க.

கால்நடை_ஆள் · ஏப்ரல் 7, இரவு 10.25

பொள்ளாச்சி அண்ணா, உங்கள் நாய் அன்றைக்கு இளசாக இருந்திருக்கும், தப்பித்தது. அப்படிப் படுக்க வைக்கும் மாத்திரை பெரும்பாலும் ஏஸ்ப்ரோமசின். அது ரத்த அழுத்தத்தை இறக்கும், உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் குறைக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மயங்கிக் கிடக்கும் கிழ நாய் சரியாக இரைக்காது. மேலுக்கு அமைதியாகத் தெரியும், உள்ளே பயம் அப்படியே இருக்கும், உடம்பை மட்டும் அசைக்க முடியாது.

பதற்றம் அதிகமென்றால் காபாபென்டின், ட்ராசோடோன் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பயண நாளில் முதல்முறையாகக் கொடுக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொடுத்துப் பாருங்கள். தள்ளாடுகிறதா, உளறுகிறதா (ஆமாம், நாயும் உளறும்) என்று தெரிந்துவிடும். காபாபென்டினை மனிதர்களுக்கான சிரப்பாக வாங்க வேண்டாம். சிலதில் இனிப்புக்காக சைலிடால் கலந்திருக்கும், அது நாய்க்கு விஷம்.

நிஜம்_பேசுபவன் · ஏப்ரல் 8, காலை 8.50

யாரும் சொல்லாததை நான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 12 வயசு லேப்னா மனுஷக் கணக்குல எண்பது. எண்பது வயசுத் தாத்தாவை மே மாசத்துல மூணு நாள் கார்ல கூட்டிட்டுப் போவீங்களா? அதுக்குப் பழகின இடம், பழகின தெரு, பழகின வாட்ச்மேன். நல்ல ஆளாப் பார்த்து அங்கயே விட்டுட்டு மாசம் செலவுக்குப் பணம் அனுப்புங்க. உங்களுக்காகத்தான் கூட்டிட்டுப் போறீங்க, அதுக்காக இல்ல.

மாதுங்கா_மாமி · ஏப்ரல் 8, காலை 11.30

நிஜம் பேசறவருக்கு ஒரு நிஜம். நாங்க 2016-ல மும்பைலேர்ந்து கும்பகோணம் வந்தப்போ பத்து வயசு நாயைக் கீழ் வீட்டுல விட்டுட்டுத்தான் வந்தோம். நல்ல மனுஷா, ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்க நாய்க்கு அந்தத் தெரு தெரியும், அந்த வாட்ச்மேனைத் தெரியும், எல்லாம் தெரியும். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படி ஏறி எங்க பூட்டின கதவு முன்னாடி போய் உக்காந்துடுமாம். புதுசா குடி வந்தவா பயந்துண்டு புகார் பண்ணினா. பதினோராம் நாள் எங்காத்துக்காரர் டாக்ஸி பிடிச்சுண்டு போய்க் கூட்டிண்டு வந்தார். போக வர எவ்வளவு ஆச்சுன்னு இன்னிக்கும் என்கிட்ட சரியாச் சொல்லலை.

அதுக்காக எல்லாரும் கூட்டிண்டுதான் போகணும்னு சொல்ல மாட்டேன். என் தம்பி வீட்டு நாய்க்குக் கிட்னி முழுக்கப் போயிடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் டிரிப்ஸ். அதை நகர்த்தவே கூடாதுன்னுட்டார் டாக்டர். தம்பி தன் மாற்றலையே நாலு மாசம் தள்ளிப்போட்டான். கால் வலியும் கண்ல புரையும் அந்த மாதிரி இல்லையே.

வைகைக்கரை தம்பி, ரெண்டு விஷயம். அவன் படுக்கற போர்வையைத் துவைக்காதே. நாத்தம் அடிச்சாலும் சரி, அப்படியே கார்ல போடு. ரெண்டாவது, அவன் தினம் ஒண்ணுக்கு இருக்கற மரத்தடி மண்ணை ஒரு பை எடுத்துக்கோ. ஏன்னு வழியில புரியும்.

நிஜம்_பேசுபவன் · ஏப்ரல் 8, மதியம் 12.05

மாடிப்படி விஷயத்துக்கு எங்கிட்ட பதில் இல்ல மாமி.

என்ஹெச்48 · ஏப்ரல் 9, இரவு 11.50

டிராவல்ஸ் வண்டி ஓட்டுறேன், புனே பெங்களூர் லைன்ல எட்டு வருஷம். பொள்ளாச்சி அண்ணன் சொன்ன ராத்திரி ஐடியா வேணாம். குடும்பத்தோட, ஒத்த டிரைவரா, பழக்கமில்லாம ராத்திரி ஓட்டக்கூடாது. கோலாப்பூர் பெல்காம் பக்கம் ரோடு வேலைன்னு அங்கங்க திருப்பி விட்டிருப்பான். ராத்திரி அந்த டைவர்ஷன் போர்டு தெரியாது, லாரிக்காரன் ஹை பீம்ல வருவான். திடீர் பிரேக் போட்டா நாய் எங்க போய் விழும்?

விடியக்காலை நாலரைக்கு எடுங்க. மதியம் ஒண்ணு ஒண்ணரைக்குள்ள அன்னைக்கு வேலையை முடிங்க. கணக்கு அழகா மூணாப் பிரியும். புனே ஹுப்பள்ளி 430, ஹுப்பள்ளி பெங்களூர் 410, பெங்களூர் மதுரை 435. ரெண்டு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்துங்க.

காலைல சாப்பாடு வேணாம். கிளம்பி ஒரு மணி நேரத்துல கம்பாட்கி மலைப்பாதை வரும், வயித்துல இருக்குறது சீட்டுக்கு வந்துரும். பெங்களூர்ல ஊருக்குள்ள போகாதீங்க, தும்கூர் ரோட்லயே ஊரைச் சுத்திப் போற நைஸ் ரோடு பிடிச்சா நேரா எலக்ட்ரானிக் சிட்டில இறங்கலாம். தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம். லாரி பிரேக் பிடிக்காம அடிக்கடி விபத்து நடக்குற இடம், முன்னாடி போற லாரிக்குப் பின்னாடி ஒட்டாதீங்க.

பெரிய ஹோட்டல் வாசல்ல நிறுத்தாதீங்க. அங்க தெருநாய் பத்து இருக்கும், எல்லாம் அந்த எல்லைக்குச் சொந்தக்காரன் மாதிரி வரும். பெட்ரோல் பங்க் தாண்டி, ஓரமா, மரமா பாத்து நிறுத்துங்க. தரையில புறங்கையை வச்சுப் பாருங்க, உங்களால ஏழு செகண்ட் வைக்க முடியலைன்னா அவன் காலும் வைக்க முடியாது.

ஒரே ஒரு விஷயம் கெஞ்சிக் கேக்குறேன். "டீ குடிச்சுட்டு வந்துர்றேன்"னு வண்டியைப் பூட்டிட்டு நாயை உள்ள விட்டுட்டுப் போகாதீங்க. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டா போதும்னு நினைப்பாங்க. பத்தே நிமிஷத்துல உள்ள பத்து டிகிரிக்கு மேல ஏறிரும். ஒருத்தர் டீ குடிக்கட்டும், ஒருத்தர் வண்டில ஏசியோட இருக்கட்டும்.

உளிச்சத்தம் · ஏப்ரல் 10, காலை 7.40

31 கிலோவைத் தினம் ஆறு தடவை தூக்கி ஏத்தி இறக்கினா மதுரை போய்ச் சேர்றதுக்குள்ள உங்க இடுப்பு போயிரும். சாய்வுப் பலகை ஒண்ணு அடிச்சுக்குங்க. 18 எம்எம் பிளைவுட், ஒன்றரை அடி அகலம், நீளம் ஆறு அடிக்குக் குறையாம. வண்டி வாசல் ரெண்டடி உயரம் வரும். நாலடிப் பலகை வச்சா மலையேத்தம் மாதிரி இருக்கும், தேஞ்ச கால் ஏறாது. மேல கயித்து மிதியடியோ சாக்கோ இழுத்து அடிங்க, ரெண்டு ஓரத்துலயும் ஒரு இஞ்ச் ரீப்பர் ஓட்டுங்க, கால் வழுக்கி வெளிய போகாது. நடுவுல கீல் போட்டா மடிச்சு வச்சுக்கலாம்.

அடிச்ச உடனே கார்ல சாத்தி "ஏறு"ன்னு சொன்னா ஏறாது. மொதல்ல ஒரு வாரம் வீட்டுத் தரையில தட்டையாப் போட்டு வைங்க, அதுமேல நடந்து பிஸ்கட் வாங்கட்டும். அப்புறம் ஒரு செங்கல் உயரம், அப்புறம் படி உயரம். கார் கடைசிலதான். இறங்கும்போது ஒரு பழைய துண்டை வயித்துக்கு அடியில குடுத்து ரெண்டு பக்கமும் பிடிச்சுக்குங்க, பின்னங்கால்ல பாரம் இறங்காது.

வைகைக்கரையான் · மே 4, இரவு 9.55

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதுவரைக்கும் நடந்ததைச் சொல்லிர்றேன்.

ரத்தப் பரிசோதனைல சிறுநீரக நிலையைக் காட்டுற கிரியேட்டினின் லேசா ஏறியிருக்கு. டாக்டர் வலி மாத்திரையை நிறுத்திட்டு, நம்ம கால்நடை ஆள் சொன்ன காபாபென்டினையே எழுதினார். ஞாயித்துக்கிழமை குடுத்துப் பாத்தோம். முதல் டோஸ்ல சோபாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல போய்ப் பின்னாடி வரத் தெரியாம நின்னான். டாக்டர்கிட்ட சொன்னதும் அளவைக் குறைச்சார், இப்ப சரியா இருக்கு. தூக்கத்துல மூச்சு 18 லேர்ந்து 22.

பலகை ரெடி. நான் ஆசாரி இல்லைன்னு பாத்தாலே தெரியும், ஆனா ஆடாம நிக்குது. நடு வரிசை சீட்டுல ஒரு பக்கம் அவனுக்கு. சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல ரெண்டு சூட்கேஸைப் படுக்க வச்சு, மேல மெத்தை போட்டு ஒரே மட்டமா ஆக்கிட்டோம். மெடிக்கல்ல படுக்கையில இருக்குற பெரியவங்களுக்கு விக்கிற அண்டர்பேட் பத்து வாங்கியாச்சு. கழுத்துப் பட்டை வேணாம்னு ஹார்னஸ், அதை சீட் பெல்ட்டோட கோத்துர்றோம். போன் நம்பர் பொறிச்ச தகடு ஒண்ணு. வாரத்துக்கு ரெண்டு தடவை கார்ல சுத்தல், இப்ப 40 கிலோமீட்டர் வரைக்கும் வந்திருக்கான். முதல் தடவை வாந்தி. மூணாவது தடவைலேர்ந்து குறட்டை.

வீட்ல அட்டைப் பெட்டி கட்ட ஆரம்பிச்சதும்தான் அவன் முகம் மாறுச்சு. ஒவ்வொரு பெட்டியா மோந்து பாத்துட்டு என் பின்னாடியே பாத்ரூம் வரைக்கும் வர்றான். அவன் மூலையை மட்டும் கடைசி நாள் வரைக்கும் கலைக்கப் போறதில்ல.

மாதுங்கா_மாமி · மே 4, இரவு 10.20

மண்?

வைகைக்கரையான் · மே 4, இரவு 10.24

எடுத்துடுவேன் மாமி.

வைகைக்கரையான் · ஜூன் 9, இரவு 10.15

வந்து சேந்துட்டோம். பத்து நாள் ஆச்சு. நீளமா எழுதுறேன், இனிமே போறவங்களுக்கு உதவும்.

முதல் நாள் சரியா 4.35க்குக் கிளம்பினோம். அதுக்கு முன்னாடி நாலு மணிக்கு டார்ச் அடிச்சுட்டு சொசைட்டி வேப்பமரத்தடில மண் அள்ளிக்கிட்டிருக்கேன், வாட்ச்மேன் வந்து நின்னுட்டார். "புனே மண்ணை ஊருக்குக் கொண்டு போறீங்களா சார்"ன்னு ஒரு மாதிரி உருகிட்டார். நாய் மூத்திரத்துக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

கம்பாட்கில வாந்தி இல்ல. சத்தாரா தாண்டி நிறுத்தினோம், இறங்கினான், மோந்தான், ஒண்ணுக்குப் போகல. கோலாப்பூர்ல நிறுத்தினோம், போகல. சிமெண்டுக் கல் பதிச்ச தரை, லாரி ஹார்ன், தூரத்துல ரெண்டு நாய் முறைக்குது. நிப்பாணி தாண்டி ஒரு தடவை, ம்ஹூம். மணி ஒண்ணு ஆச்சு. ஒன்பது மணி நேரம் நெருங்குது, வயித்தைத் தொட்டா இறுகிக் கிடக்கு. என் மனைவி முகத்தைப் பாக்கவே பயமா இருந்துச்சு. பெல்காம் தாண்டி ஒரு வேப்பமரம் பாத்து நிறுத்தி, பையைத் திறந்து ரெண்டு கை மண்ணை அடிமரத்துல தூவினேன். வந்தான். மூக்கை வச்சான். ரொம்ப நேரம் எடுக்கல. சுத்தி ஒரு வட்டம் அடிச்சு, நின்னு, ஆரம்பிச்சான். பையன் வாட்ச்ல பாத்தான், ஒரு நிமிஷம் பத்து செகண்ட். மாமி, உங்களுக்குக் கோயில் கட்டலாம்.

அடுத்த அடி ஹுப்பள்ளில. போன்ல ரெண்டு தடவை கேட்டு, நாய் உண்டுன்னு சொல்லி, முன்பணமும் கட்டின லாட்ஜ் அது. நேர்ல பாத்ததும் மேனேஜர், "நாய்னா சின்னதுன்னு நினைச்சோம்"ங்கிறார். பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டார், ஆனா மதியம் ரெண்டரை மணி வெயில்ல நடுரோட்ல நிக்கிறோம். என்ஹெச்48 தம்பிக்குத் தனிச் செய்தி போட்டேன். பத்து நிமிஷத்துல ஹாவேரி பக்கம் ஒரு இடம் சொன்னார், தரைத்தள ரூம், பின்னாடி மண் தரை. கூடுதலா எழுபத்தஞ்சு கிலோமீட்டர், ஆனா மறுநாள் அவ்வளவு மிச்சம். இனிமே போறவங்க, நாயோட எடையையும் ஒரு போட்டோவையும் முன்கூட்டியே அனுப்பி, பதிலை எழுத்துல வாங்கிக்குங்க.

அன்னைக்கு ராத்திரி மூச்சு எண்ணினேன், 24. ஏசி போட்டும் ரூமைச் சுத்திச் சுத்தி வந்தான். துவைக்காத போர்வையைக் கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல போட்டதும்தான் படுத்தான்.

ரெண்டாம் நாளைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. தூங்கினான். நெலமங்களாவுல மச்சினன் வீடு, அங்க தயிர் சாதம், மறுபடி தூக்கம்.

மூணாம் நாள் நான் ஏமாந்துட்டேன். கிருஷ்ணகிரில டிபன். நான் பில் கட்டப் போன நேரம் பையன் தன் ஆம்லெட்ல பாதியை அவனுக்குக் குடுத்துட்டான், வெங்காயத்தோட. தொப்பூர் இறக்கத்துல வயிறு கடமுடங்குது, எனக்கே கேக்குது. அங்க நிறுத்தவும் முடியாது, முன்னாடி பின்னாடி லாரி. ஓமலூர் பக்கம் ஓரங்கட்டிப் பலகையைச் சாத்தினேன். பாதி இறங்கினான். மீதியை நான் விவரிக்கல. பலகை மேல அடிச்ச சாக்கு எல்லாத்தையும் தாங்கிக்கிச்சு.

கால்நடை ஆளுக்கு உடனே போன். வெங்காயம் கொஞ்சம்தான்னாலும் ஈறு வெளுக்குதா, மூத்திரம் காப்பி நிறத்துல வருதான்னு அஞ்சாறு நாள் பாக்கச் சொன்னார். நாமக்கல் வரும்போது காலேஜ் பக்கம் திரும்பிரலாமான்னு யோசிச்சோம். ஆனா அதுக்குள்ள தண்ணி குடிச்சுட்டு, கண்ணாடில மூக்கை வச்சு லாரிகளை எண்ணிக்கிட்டிருந்தான். ஈறு ரோஸ் நிறத்துலயே இருந்துச்சு. மதுரையை ஒட்டின பரவை தாண்டும்போது மணி மூணு. 38 டிகிரின்னு போன் சொல்லுது.

கால்நடை_ஆள் · ஜூன் 10, காலை 7.15

ஒரு வாரம் தாண்டிவிட்டது, வெங்காயக் கவலை இனி வேண்டாம். கிரியேட்டினினை மட்டும் அடுத்த மாதம் ஒருமுறை பாருங்கள். வழியில் கண்ட மண்ணில் படுத்திருப்பான், காது மடிப்பு, விரல் இடுக்கு, வால் அடி இங்கெல்லாம் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். காய்ச்சலோ மூக்கில் ரத்தமோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இரவில் எப்படி இருக்கிறான்?

வைகைக்கரையான் · ஜூன் 10, இரவு 9.30

உண்ணி மூணு எடுத்தோம், எல்லாம் இடது காது மடிப்புல.

ராத்திரிதான் கஷ்டம். முதல் அஞ்சு நாள் ரெண்டு மணிக்கு எந்திரிச்சுச் சுவத்து மூலையைப் பாத்துக்கிட்டு நிப்பான். புனே வீட்ல அந்தப் பக்கம்தான் பால்கனிக் கதவு. கதவு திறக்கும்னு காத்துக்கிட்டு நிக்கிறான்னு எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆச்சு. மெத்தையை வேற பக்கம் திருப்பிப் போட்டோம். தலைமாட்டுல ஜன்னல், வலது கைப்பக்கம் கதவு, தண்ணிக் கிண்ணம் கால்மாட்டுல, புனேல இருந்த அதே கணக்கு. ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. இப்ப ரெண்டு நாளாத் தூங்குறான்.

அம்மா வீட்டுத் தரை பழைய மொசைக், கண்ணாடி மாதிரி வழுக்குது. ரெண்டு தடவை பின்னங்கால் விரிஞ்சு உக்காந்துட்டான். பழைய யோகா மேட் மூணை வெட்டி அவன் நடக்குற பாதைல போட்டிருக்கேன். கேட்டைத் திறந்தா வெளிய நடக்கப் பாக்குறான், அதனால வாசல்ல எப்பவும் கயிறு. வழி தெரியாத ஊர்ல, காது கேக்காத நாய் ஒரு தெரு தாண்டினா திரும்பி வராது.

அம்மாவைப் பத்தி ரெண்டு பேர் தனிச்செய்தில கேட்டிருந்தீங்க. அவன் கூடத்தைத் தாண்டி வரக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்க, அது அப்படியேதான் இருக்கு. இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடல. "அது சாப்பிட்டுச்சா"ன்னு கேக்குறாங்க.

கால்நடை_ஆள் · ஜூன் 10, இரவு 10.00

மூலையில் நிற்பது, இரவு பகல் மாறுவது எல்லாம் வயதான நாய்களின் மறதி நோயிலும் வரும். இடம் மாறியதால் வந்தது என்றால் மூன்று நான்கு வாரத்தில் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் வீடியோ எடுத்து மதுரையில் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொள்ளாச்சிக்காரன் · ஜூன் 10, இரவு 10.40

நல்லபடியா போய்ச் சேந்தீங்களே, சந்தோசமுங்க. மாத்திரை விசயத்துல நாம்பேசுனது தப்புங்க.

திருமங்கலம்_டீச்சர் · ஜூன் 12, மாலை 6.20

முதல் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் இன்னைக்குத்தான் வாசிச்சேன் தம்பி. எங்க வீட்டுக் கோம்பைக் கலப்புக்குப் பதினோரு வயசு. ஆகஸ்ட்ல ஓசூர்ல மக வீட்டுக்குக் குடி போறோம். சாருக்கும் இடுப்பு வலி, எனக்கும் இடுப்பு வலி, நாய்க்கும் இடுப்பு வலி. அந்தப் பலகையை விலைக்குத் தர முடியுமா?

வைகைக்கரையான் · ஜூன் 12, இரவு 8.05

விலையெல்லாம் எதுக்கு டீச்சர், வந்து எடுத்துக்குங்க. கருப்பட்டி இனிமே கார் ஏறுறது டாக்டர்கிட்ட போறதுக்குத்தான், அதுக்கு ஒரு துண்டு போதும். சாக்கை மட்டும் பிரிச்சுட்டுப் புதுசா அடிச்சுக்குங்க. நாலு தடவை கழுவியும் ஓமலூர் வாசம் போகல.

திருமங்கலம்_டீச்சர் · ஜூன் 12, இரவு 8.30

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வர்றோம். சாக்கை மாத்த வேண்டாம் தம்பி, அந்த வாசத்துக்காகவே எங்காளு ஏறிருவான்.